பெயர் சொல்லாத பாக்கியம் அம்மாள்

செய்தி பஸ்ஸில் வந்தது. நரிக்குடியிலிருந்து வரும் காலைப் பஸ் அருப்புக்கோட்டை ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே, படியில் நின்ற கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டார். நான் டீக்கடை வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"வாத்தியாரே, உங்க பைபிளம்மா போயிட்டாக. முந்தாநாளே அடக்கம் முடிஞ்சிருச்சு" என்றார். சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பின்னால் எடுக்க வைத்தார்.

"என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டேன்.

விசிலை எடுத்தார். "காய்ச்சல்னாக. கூட்டமெல்லாம் இல்லை. ஒம்பது பேரு. அதுல நாலு பேரு தூக்குறதுக்கு வந்தவுக."

டீயைக் குடித்து முடித்தேன். யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. பஜாரில் என் தம்பியின் மளிகைக் கடைக்குப் போய், "பைபிளம்மா இறந்துட்டாக" என்றேன். "எந்தப் பைபிளம்மா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மல்லி மூட்டையைப் பிரிக்கச் சொல்லிக் கடைப்பையனை அதட்டினான். வீட்டுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கே நடந்தேன். இந்த மாதிரிச் செய்தியைச் சொல்வதற்கு எனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே ஆள் அதே பைபிளம்மா, பாக்கியம் அம்மாள்தான் என்பது பாதி வழியில்தான் தெரிந்தது.

ஆகவே, அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் உங்களில் பலர் அவர் வாயால் கதை கேட்டவர்கள். சிலருடைய பிள்ளைகள் அவர் ஆட்டிய தூளியில் தூங்கியவர்கள். அவர்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை.

முழுப்பெயர் தேவபாக்கியம். புருஷன் உபதேசியாராக இருந்து இளம்வயதிலேயே இறந்துபோனவர். அதன்பின் சபையே அவரை வேலைக்கு வைத்துக்கொண்டது. ஊர் ஊராக நடந்துபோய்ப் பெண்களுக்கு வேதாகமக் கதைகளைச் சொல்லவேண்டும், முடிந்தால் எழுத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும். சபைத் தாள்களில் அவருக்கு வேதாகம ஸ்திரீ என்று பெயர். ஊரில் பைபிளம்மா. அது எந்தச் சபை என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தச் சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் வாத்தியார். வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, நெற்றியில் திருநீற்றோடு, சிலுவை வைத்த கட்டிடத்துக்குள் செய்யுள் நடத்தினேன். எனக்கு அதில் சிரமம் இருந்ததில்லை. சிலுவைக்கு இருந்ததாகவும் புகார் வரவில்லை.

அவர் முதலில் என்னிடம் வந்தது அறுபதுகளின் நடுவில், வார ரிப்போர்ட்டில் பிழை பார்த்துத் தரச் சொல்லி. சென்ற ஊர், சந்தித்த பெண்கள், கதை கேட்டவர்கள் என்று அதில் கட்டங்கள் இருந்தன. அந்த வாரக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தார்: "கேட்டவர்கள் பதினொன்று. கடைசிவரை கேட்டவர்கள் இரண்டு. அதில் ஒன்று வெள்ளாடு."

"இதை இப்படியே அனுப்பப் போறீகளா?" என்றேன்.

"பின்னே? வேத வேலையில பொய் எழுதச் சொல்றீகளா வாத்தியாரய்யா? அது முடியிற வரைக்கும் இருந்துச்சு. பொம்பளைகதான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாக."

பிழை எதுவும் இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். பள்ளிக்கூட நூலகத்தில் வேதாகமத்தை நான் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். ஆட்டைக் கடைசிவரை நிறுத்திவைத்த புத்தகத்தில் ஏதோ இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

மே மாதத்தில் பிள்ளை சேர்ப்பதற்காக வாத்தியார்கள் கிராமங்களுக்குப் போகவேண்டும். ஒரு வருஷம் அவரோடு சேர்ந்து போனேன். வீரசோழன் பாதையில் ஒரு கிராமம். களத்தில் மிளகாய் காய்ந்தது. பத்துப் பதினைந்து பெண்கள் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு சோடைக் காய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிலத்துக்காரர் வீட்டு அம்மா வேப்பமர நிழலில் கட்டிலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். பாக்கியம் அம்மாள் பையிலிருந்து புத்தகத்தை எடுக்கவில்லை. அவர் ஒருநாளும் புத்தகத்தை எடுத்து நான் பார்த்ததில்லை. தானும் குத்தவைத்து மிளகாய் பொறுக்கிக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஆபிரகாம்னு ஒரு பெரிய மனுசர். அவுக வீட்டுல ஆகார்னு ஒரு வேலைக்காரி. வீட்டுக்காரம்மா சாராளுக்குப் பிள்ளை இல்லை. அதனால அந்த அம்மாவே, இவ வயித்துல நமக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும்னு புருசன்கிட்ட அவளை அனுப்பிவிட்டா."

"அவகிட்டக் கேட்டாகளா?" என்றாள் ஒருத்தி.

"யாருகிட்ட?"

"அந்த வேலைக்காரிகிட்ட."

பாக்கியம் அம்மாளின் கை ஒரு கணம் நின்றது. "கேட்டதா எழுதலை" என்றார்.

"எங்கிட்டு எழுதுவாக" என்றாள் அவள்.

கதை வளர்ந்தது. சாராளுக்கும் கடைசியில் மகன் பிறந்தான். இரண்டு பிள்ளைகள் ஒரு வீட்டில் ஆகாது என்றானது. ஆபிரகாம் ஒருநாள் விடியற்காலையில் அப்பத்தையும் ஒரு தோல்பை நிறையத் தண்ணீரையும் ஆகாரின் தோளில் ஏற்றி, மகனோடு அனுப்பிவிட்டார்.

"அவுக நல்ல மனுசருன்னு சொன்னீகளேம்மா?"

"பெரிய பக்தர்."

"அது இருக்கட்டும். மாடு கன்னு இருந்துச்சா?"

"கணக்கே இல்லை."

"அப்ப ஒரு கழுதையாவது குடுத்து அனுப்பக் கூடாதா? பிள்ளையோட நடத்தியா விட்டாரு?"

"ஏடி, கழுதையக் குடுத்தா யாரு திருப்பிக் கொண்டாந்து விடுறது?" என்றாள் இன்னொருத்தி. களம் முழுவதும் சிரித்தது, தும்மியது, மறுபடி சிரித்தது.

அதுவரை தலை நிமிராமல் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "இது எந்த ஊர்ல நடந்துச்சு?"

சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் வேப்பமரத்துப் பக்கம் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததே போதுமாக இருந்தது. நிலத்துக்காரர் வீட்டு அம்மா எழுந்து, "வெயில் ஏறிருச்சு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

"தூரத்து ஊரு தாயி" என்றார் பாக்கியம் அம்மாள். "பஸ்ஸு போகாத ஊரு."

திரும்பி நடக்கையில் சேலையிலிருந்து மிளகாய் விதைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தார். பிறகு சொன்னார்: "சாராள் கதையை வீட்டுக்காரம்மாக்கள் கேக்குறாக. ஆகார் கதையை வேலைக்காரப் பொம்பளைக கேக்குறாக. ரெண்டு பேரையும் ஒரே எடத்துல உக்கார வச்சுச் சொல்லணும் வாத்தியாரய்யா. அப்படி ஒரு எடம் எனக்கு இன்னும் அகப்படலை."

இன்னொன்றும் சொன்னார். வேதாகமத்தில் கடவுளுக்கே ஒரு பெயர் வைத்த பெண் ஆகார்தான். என்னைக் காண்கிறவர் என்று வைத்தாள். "ஆபிரகாம் வீட்டுல அத்தனை பேர் இருந்தாக. யாரும் அவளைப் பார்த்திருக்க மாட்டாக போல. அதான் அந்தப் பேரு" என்றார். இந்த வசனத்துக்கு நான் பின்னால் எத்தனையோ பெரிய விளக்கங்களைப் படித்தேன். எல்லாம் இதைவிட நீளம்.

அவருக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவராகவே ஒரே ஒரு தடவை பேசினார். சாராள், ராகேல், அன்னாள், எலிசபெத்து என்று விரல் மடக்கிவிட்டு, "வேதத்துல மலடின்னு பேர் வாங்குனவ ஒவ்வொருத்திக்கும் கடைசியில ஒரு மகன் பிறந்துர்றான். பிறக்காதவளைப் பத்தி எழுத யாருக்கும் நேரம் இல்லை போல" என்றார். நான் சிரித்தேன். சிரிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். அவர் வேதக்கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். கிறிஸ்துமஸ் அன்று காலையில் சபையின் எல்லா வீடுகளுக்கும் போவார். எல்லா வீட்டிலும் அவருக்குப் பலகாரம் உண்டு. மத்தியானம் எந்த வீட்டிலும் இலை கிடையாது. ஊருக்குள் அவர் வேதக்காரி, வேதக்காரர்களுக்குள் அவர் சம்பளக்காரி. பகலெல்லாம் கூட்டத்தில் இருந்துவிட்டு, சாப்பிடுகிற நேரத்தில் மட்டும் தனியாக இருப்பதற்கு ஒரு திறமை வேண்டும். அவருக்கு அது வந்திருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு இளம் போதகர் வந்தார். தாடி, ஜோல்னாப்பை. இறையியல் கல்லூரியிலிருந்து விடுதலை இறையியலைப் புதிதாகக் கொண்டுவந்திருந்தார். கடவுள் ஏழைகளின் பக்கம் நிற்கிறார் என்பது அதன் சாரம். ஏழைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்பதற்கு மட்டும் அவருடைய புத்தகங்களில் இன்னும் அத்தியாயம் வந்திருக்கவில்லை. மாதர் கூட்டத்தில் முதல் நாளே, "தாய்மை என்பது ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்று உருவகம்" என்றார். பெண்கள் விசிறிக்கொண்டார்கள்.

பாக்கியம் அம்மாள் எழுந்தார். "ஐயா, அந்த உருவகத்துக்குப் பால் ஊறுதா?"

போதகர் சிரித்துவிட்டார். அதன்பின் வாரம் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அவர் நல்லவர். இனி நான் சொல்லப்போவதைப் படிக்கும்போதும் அதை மறக்கவேண்டாம்.

பிறகு மழை தவறியது. ஒரு வருஷம் இல்லை, தொடர்ந்து. கண்மாய்களில் ஆடு மேய்ந்தது. சபைக்கு எங்கிருந்தோ கோதுமையும் பால்பவுடரும் வந்தன. வந்தது கொஞ்சம் என்பதால், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு முதலில் என்று சபைக் கமிட்டி முடிவுசெய்தது. பவுனின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகவில்லை.

பவுன் சபையைச் சேர்ந்த கூலிக்காரக் குடும்பத்துப் பெண். கல்யாணம் ஆகவில்லை. பெண்குழந்தை நாலு மாதம். பால் வற்றிவிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, அதைக் காலியாக விடக் கூடாது என்பது கமிட்டியின் நிலை. கமிட்டிப் பொருளாளர், பலசரக்குக் கடைக்காரர், கருணையோடுதான் கேட்டார்: "பேரை மட்டும் சொல்லு புள்ளை. வேற ஒண்ணும் வேண்டாம்."

பவுன் சொன்னது இதுதான்: "சொன்னா எங்கய்யா ஆத்தா இருக்க குடிசை போகும். அது அந்தப் பேருக்காரவுக நிலம். சொல்லாட்டி இதுக்குப் பாலு போகும். எது போனாப் பரவாயில்லைன்னு நீங்களே சொல்லிருங்கய்யா."

அவள் பெயரைச் சொல்லாமலே எல்லாருக்கும் பாதி தெரிந்துவிட்டது. தெரிந்தது கட்டத்தில் எழுத உதவாது. போதகர் தலையைக் குனிந்துகொண்டார். விடுதலை இறையியலில் கமிட்டியைப் பற்றியும் அத்தியாயம் கிடையாது.

ஆண்டுக்கு ஒரு முறை மாதர் ஞாயிறு வரும். அன்று பெண்கள்தான் ஆராதனையை நடத்தவேண்டும். பிரசங்கத்தைப் போதகர் எழுதிக் கொடுப்பார், அவர் மனைவி பாஸ்டரம்மா வாசிப்பார். அந்த வருஷம் பாஸ்டரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. தாள்களைப் பாக்கியம் அம்மாளிடம் கொடுத்தார்கள். விடுதிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் முறை எனக்கு என்பதால் நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

முதல் பக்கத்தை ஒழுங்காக வாசித்தார். தாய்மையின் மேன்மை பற்றியது. பக்கத்தைத் திருப்பவில்லை. தாள்களைப் பிரசங்க மேடையின் ஓரத்தில் வைத்து, பறக்காமல் இருக்கப் பாட்டுப் புத்தகத்தை மேலே வைத்தார்.

"மீதியை ஐயா நல்லா எழுதியிருக்காக, வீட்டுல படிச்சுக்குவோம்" என்றார். "எனக்கு ஒரு சந்தேகம். நாசரேத்து ஊர்க்காரவுக நம்ம ஆண்டவரை ஏளனமாப் பேசினப்ப, இவன் மரியாள் மகன்தானேன்னு கேட்டாக. யோசேப்பு மகன்னு சொல்லலை. அந்தக் காலத்துல ஒருத்தனைத் தாய் பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். இந்த ஊர்லயும் அதே அர்த்தந்தான். அந்த மரியாள் வயித்துப் பிள்ளையோட மலைநாட்டுக்கு நடந்து போயி ஒரு பாட்டுப் பாடுனா. பலத்தவுகளை ஆசனத்தைவிட்டு எறக்குவாரு, பசிச்சவுகளை நிரப்புவாரு, பணக்காரவுகளை வெறுங்கையா அனுப்புவாருன்னு பாடுனா. நாமளும் ராகம் போட்டுப் பாடுறோம். அவ நம்ம கோயில் வாசலுக்கு வந்திருந்தா நாம முதல்ல என்ன கேட்டிருப்போம்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"தகப்பன் பேரு என்னன்னு கேட்டிருப்போம். அவ சொல்றதை நம்பியிருக்கவும் மாட்டோம். பாலைக் குடுத்துருங்கய்யா. புள்ளைக்குத் தண்ணி ஊத்துங்க. கட்டத்துல தாய் பேரை எழுதுங்க. ஆண்டவருக்கு ஆனது இந்தப் புள்ளைக்கு ஆகாதா?"

முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கிழவர் விழித்து, வழக்கப்படி சத்தமாக "ஆமென்" என்றார். சொன்னபின் எதற்கென்று சுற்றிப் பார்த்தார். போதகர் எழுந்தார். கண்ணைத் துடைத்தாரா கண்ணாடியைத் துடைத்தாரா என்று கடைசி வரிசையிலிருந்து தெரியவில்லை. "வருகிற ஞாயிறு பவுனின் குழந்தைக்கு ஞானஸ்நானம்" என்றார். பொருளாளர் தரையைப் பார்த்தார். எதிர்க்கவில்லை. விஷயம் அங்கே முடிந்திருந்தது. நல்லபடியாக முடிந்திருந்தது.

அதை முடியவிடாமல் செய்தவன் நான்.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் புனைபெயரில் நையாண்டிக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். இங்கே யாருக்கும் அது தெரியாது. அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதினேன். ஒரு சபைக் கமிட்டி கூடி, மரியாளின் விண்ணப்பத்தைப் பரிசீலித்து, தகப்பன் பெயர் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புவதாக. வழக்கமாக இரண்டு வாரம் கழித்துப் போடுகிற ஆசிரியர் அதை அந்த வாரமே போட்டுவிட்டார். ஊர், பெயர் எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். ஒன்றை மட்டும் மாற்றவில்லை. வேதாகம ஸ்திரீயின் ரிப்போர்ட் என்று அந்த வெள்ளாட்டையும் உள்ளே கொண்டுவந்திருந்தேன். கட்டுரைக்கு அது தேவையே இல்லை. நன்றாக இருந்தது, விட மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சலூனில் அதைச் சத்தமாக வாசித்தார்கள். டீக்கடையில் வாசித்தார்கள். என் தம்பி கடையில்கூட வாசித்தார்கள். அருப்புக்கோட்டை முழுவதும் வேதக்கோயிலைப் பார்த்துச் சிரித்தது. பவுன் குடும்பம் குடியிருந்த நிலத்தின் சொந்தக்காரருக்கும் யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கட்டுரையில் அவருக்குப் பெயரும் இல்லை, முகமும் இல்லை. ஆனாலும் தன்னை அடையாளம் கண்டுகொண்ட வாசகர் அவர் ஒருவர்தான். சனிக்கிழமை காலையில் குடிசையைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் கமிட்டி கூடியது. அங்கே நடந்ததைப் போதகரே பல மாதங்கள் கழித்து என்னிடம் சொன்னார். எழுதியவனிடமே சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னார். ஆட்டு வாக்கியத்தை ரிப்போர்ட்டில் படித்த ஞாபகம் இருந்ததால் முதல் சந்தேகம் பாக்கியம் அம்மாள் மேல்தான் விழுந்தது. அந்த ரிப்போர்ட்டை அனுப்புமுன் நானும் பார்த்தது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"நீயா எழுதினது?" என்று பொருளாளர் கேட்டிருக்கிறார்.

"எனக்கு அவ்வளவு நல்லா எழுத வராதுங்கய்யா."

"அப்ப யாரு?"

"தெரியும்."

"பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"சொல்லாட்டி வேலை போயிரும்."

"பவுனுக்குப் பாலு போகும்னீக. எனக்கு வேலை போகும்ங்கிறீக. போறதுக்கு இன்னும் என்னென்ன இருக்குன்னு மொத்தமாச் சொல்லிருங்கய்யா, ஒரே நடையில போயிர்றேன்."

ஞானஸ்நானம் ஒத்திவைக்கப்பட்டது. ஊர் சிரிக்கும்போது செய்தால் பயந்து செய்ததாக ஆகிவிடும் என்றார்கள். போதகர் வாதாடிப் பார்த்தார். அடுத்த வருஷம் அவரையும் மாற்றிவிட்டார்கள். பாக்கியம் அம்மாள் ஒரு தகரப் பெட்டியோடும், பவுனோடும், குழந்தையோடும், பவுனின் அப்பா அம்மாவோடும் நரிக்குடிப் பஸ் ஏறினார்.

நான் போய்ச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது இரண்டு பிள்ளைகள், நிரந்தர வேலை, ஊரில் மரியாதை. கோழைத்தனத்துக்கு வேண்டிய எல்லா வசதியும் இருந்தது. பவுன் சொல்லாத பெயர் ஒன்று, பாக்கியம் அம்மாள் சொல்லாத பெயர் ஒன்று. இரண்டும் ஆண்பிள்ளைகளின் பெயர்கள். முதலாவதை நான் சொல்ல முடியாது, அது பவுனுடையது. இரண்டாவதை இந்தக் கட்டுரையின் கீழே அச்சிடச் சொல்லியிருக்கிறேன். அவர் உயிரோடு இருக்கும்போது இதைச் செய்திருக்க வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்க இப்போது ஆளில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவரைப் பார்க்கப் போனேன். நரிக்குடியில் இறங்கி முக்கால் மணி நேர நடை. ஊருக்கு வெளியே பஞ்ச நிவாரணத்துக்காக ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஜல்லி உடைத்தார்கள். கொஞ்சம் தள்ளி வாகைமரத்துக் கிளைகளில் எட்டு ஒன்பது தூளிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் ஜல்லி உடைப்பவள் ஒருத்தியின் பிள்ளை. எல்லாத் தூளிகளின் கயிறுகளையும் கைக்குள் வைத்துக்கொண்டு நடுவில் பாக்கியம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார்.

"வாங்க வாத்தியாரய்யா" என்றார். "பேரோட வந்திருக்கீகளா, பேர் இல்லாம வந்திருக்கீகளா?"

நான் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். உதவி செய்யத்தான் எழுதினேன் என்றேன். கேட்டுக்கொண்டே கயிறுகளை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் எழுதியிருந்தீக. நானும் படிச்சுச் சிரிச்சேன். ஆடு வர்ற எடத்துல ரொம்பச் சிரிச்சேன்" என்றார். "ஆனா சிரிச்சவுக எல்லாரும் சிரிச்சு முடிச்சு வீட்டுக்குப் போயிட்டாக. நானும் பவுனும்தான் அங்கனயே இருந்தோம்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பேச்சை மாற்றவேண்டும் என்று, "இப்ப யாருக்குக் கதை சொல்றீக?" என்று கேட்டேன்.

"இவுகளுக்குத்தான்" என்று தூளிகளைக் காட்டினார். "இப்ப ரிஸ்பாள் கதை நடக்குது."

படித்திருந்தேன். தேசத்தில் மூன்று வருஷப் பஞ்சம். பழைய அரசன் செய்த பாவத்தால் வந்தது என்று, புதிய அரசன் அவன் வம்சத்துப் பிள்ளைகள் ஏழு பேரைக் கொல்லக் கொடுக்கிறான். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் பாறையில் சாக்குத்துணி விரித்து, அறுப்புத் தொடங்கிய நாள் முதல் மழை பெய்கிறவரை உட்கார்ந்து, பிணங்களைப் பகலில் பறவையும் இரவில் மிருகமும் தொடாமல் காக்கிறாள்.

"அவ ஒரு வார்த்தை பேசுனதா எழுதலை" என்றார் பாக்கியம் அம்மாள். "பாட்டுப் பாடலை, பிரசங்கம் பண்ணலை. நான் மேடையில ஏறிப் பேசுனேன், நீங்க பத்திரிகையில எழுதுனீக. அவ உக்காந்திருந்தா. அவ்வளவுதான். கடைசியில அரசனே எறங்கி வந்து எலும்புகளைப் பொறுக்கி அடக்கம் பண்ணான். ஐயா விடுதலை விடுதலைன்னு சொல்லுவாகள்ல, அதுல இதையும் சேத்துக்கணும்."

"மழை வந்துச்சா?" என்று கேட்டேன். கதை தெரியும், ஆனாலும் கேட்டேன்.

"அவளுக்கு வந்துச்சு" என்று வானத்தைப் பார்த்தார்.

பவுனின் பிள்ளை அங்கே மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தது. அதற்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். "போன ஐப்பசியில ஒருநாள் தூத்தல் விழுந்துச்சு. தூளியோட நனைஞ்சுச்சு. பக்கத்துல நான் ஒரு ஜெபம் சொன்னேன். கட்டம் ஒண்ணும் கையில இல்லை" என்றார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன். உண்மையில் இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அதன்பின் போகவே இல்லை. வருஷத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் அட்டை வரும். வெயில், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஸ்தோத்திரம்.

கண்டக்டர் செய்தி சொன்ன அன்று, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு மத்தியானப் பஸ்ஸில் போனேன். ரோடு வேலை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது பருத்தி எடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகள். அதே வாகைமரம், தூளிகள், நடுவில் பவுன். பவுனின் ஆறு வயது மகள் ஒரு கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை காட்டிக்கொண்டிருந்தாள். கல்லறை எங்கே என்று கேட்டேன். பவுன் கையால் ஒரு திசையைக் காட்டினாள். புது மண், நாலு கல். போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"நீங்கதானா அந்த வாத்தியாரு?" என்றாள் பவுன்.

"ஆமா. அந்தக் கட்டுரையை எழுதினது நான்தான்" என்றேன். ஒரு மனுஷியிடம் வாய்விட்டு அதைச் சொன்னது அது இரண்டாவது முறை.

"தெரியும். அம்மா சாகுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி சொல்லுச்சு. அவுக வருவாக, ஏசிப்புடாதேன்னுச்சு."

"வேற என்ன சொன்னாக?"

பவுன் ஒரு தூளியை ஆட்டிவிட்டுச் சொன்னாள். "வந்தா உக்காரச் சொல்லு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிப்பாக, விடாதேன்னுச்சு."

உட்கார்ந்தேன். அவள் இரண்டு கயிறுகளை என் பக்கம் தள்ளினாள். அவள் இழுத்த வேகத்துக்கே நானும் இழுத்தேன். எனக்குச் சொல்வதற்கு வேடிக்கையாக எதுவும் வரவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. ஐந்து மணிப் பஸ் தூரத்தில் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. பெண்கள் காட்டிலிருந்து வந்து ஒவ்வொருத்தியாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசித் தூளி காலியாகும்வரை இருந்துவிட்டு, மெயின் ரோட்டுக்கு நடந்து லாரியில் வந்தேன்.

பாக்கியம் அம்மாளின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. படம் இல்லை. பதில் அட்டைகளைக்கூடப் பத்திரப்படுத்தவில்லை. ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது, அதுவும் புதிது. ஒன்றை வேடிக்கையாக எழுதி முடித்ததும், எல்லாரும் சிரித்துவிட்டுப் போனபிறகு அந்த இடத்தில் யார் மிஞ்சியிருப்பார் என்று பார்க்கிறேன். இதனால் கட்டுரைகள் முன்போல் இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் எழுதியிருக்கிறார். பாதிக்கு மேல் நானே கிழித்துவிடுகிறேன். மற்றபடி, ஞாயிற்றுக்கிழமைகளில் நரிக்குடிப் பஸ்ஸில் போய் இரண்டு கயிறுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசிப் பிள்ளை போகிறவரை எழுந்திருப்பதில்லை.